முப்பத்தோரு மூட்டை

எனக்குக் கோபம் வருவதற்கு அதிக நேரம் ஆகாது. போவதற்குத்தான் ஆகும். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்படிச் சிரித்த காலம் ஒன்று இருந்தது. அந்தச் சிரிப்பை ஒருவன் ஒரு சாயங்காலத்தில், கம்பெனி வாசலில், அறுபது பேர் பார்க்கப் பிடுங்கிக்கொண்டான். அவனை நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். நல்ல பிள்ளையாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நாங்கள் இருவரும் ஒரே மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தோம். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். முன்பக்கம் நான்கு அறை, பின்பக்கம் இருபத்துநான்கு பாத்தி, நடுவில் இலை காயவைக்கும் கொட்டகை, அதை ஒட்டி ஒரு கிடங்கு. பாத்திகளில் ஒரே ஒரு செடிதான். அதற்குப் புத்தகத்தில் வாயில் நுழையாத பெயர் உண்டு. எங்கள் ஆட்களுக்கு அது 'கசப்பு'. "கசப்பு அறுத்தாச்சா?" "கசப்புக்குக் களை எடுத்தாச்சா?" இப்படித்தான் பேச்சு. அந்த இலையைக் காயவைத்துப் பொடித்து, ஈரல் நோய்க்கு மாத்திரை செய்கிறோம். பாத்திகள் என் வீட்டுக்காரர் பொறுப்பு. பரிசோதனைக் கூடம் என் பொறுப்பு. இலையில் எவ்வளவு கசப்புச் சத்து இருக்கிறது என்று மெஷினில் போட்டுப் பார்த்து எழுதுவேன். நூறு கிராம் பொடியில் இரண்டு கிராம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் அது மருந்து இல்லை, வெறும் தழை.

அவரிடம் மெஷின் கிடையாது. நாக்கு இருந்தது. தினமும் காலையில் பாத்திக்கு ஓர் இலையைக் கிள்ளி மென்று பார்ப்பார். "ஏழாம் பாத்தி இன்னும் அஞ்சு நாள் கிடக்கட்டும்" என்பார். நான் மெஷினில் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். கசப்பு ஏற ஏற அவர் முகம் மலரும். எல்லாருக்கும் இனிப்பு தின்றால் வருகிற முகம் இவருக்கு இதைத் தின்றால் வரும். சில நாள் நாலைந்து இலையைச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார். காலையில் பறித்தது வாடிய பிறகு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம்.

"வீட்டுக்கு வந்தும் இலையா? நீங்க மாடா பொறந்திருக்கணும்" என்பேன்.

"மாடு இதைத் தொடாதும்மா" என்பார்.

அவருடைய முறைகள் பார்க்க நன்றாக இருக்காது. அறுப்புக்குப் பன்னிரண்டு நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவார். இலை சுருண்டு தொங்கினாலும் மனம் இரங்க மாட்டார். பச்சைப் புழு வந்தால் மருந்தடிக்க விட மாட்டார். கால்வாசி இலை ஓட்டையாகும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். ஏன் என்று கேட்டால், "இப்படிச் செஞ்சாத்தான் நல்லா கசக்குது" என்பார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியாது. எனக்கும் அப்போது துருவிக் கேட்கத் தோன்றவில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்துக்கு முதலாளியின் மருமகன் மேனேஜராக வந்து சேர்ந்தான். காலணி பளபளக்கும், கார் பளபளக்கும், தலைமுடியும் பளபளக்கும். ஆட்கள் எதிரில் 'சார்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'பளபளா' என்பார்கள். வந்த முதல் நாளே பாத்தியைப் பார்த்து முகம் சுளித்தான்.

"என்னங்க இது, எல்லா இலையும் சல்லடை மாதிரி இருக்கு? யாராவது பார்க்க வந்தா மானம் போயிடாதா?"

"பார்க்கத்தான் சார் இப்படி. வாயில போட்டுப் பாருங்க" என்று என் வீட்டுக்காரர் ஓர் இலையை நீட்டினார்.

"உங்க சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு சாக்கா?" என்று அவன் கேட்டான். இலையைக் கையால்கூட வாங்கவில்லை.

ஒரே மாதத்தில் பாத்திக்குப் பாத்தி சொட்டுநீர்க் குழாய் வந்தது. தண்ணீர் திறக்கிற சாவி அவன் இடுப்புக்குப் போனது. வாரம் ஒருமுறை உரம், வாரம் ஒருமுறை பூச்சிமருந்து. என் வீட்டுக்காரர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தடவை வாயை மூடிக்கொண்டார். செடிகள் திமுதிமுவென்று வளர்ந்தன. உள்ளங்கை அகல இலை, ஒரு பொட்டு ஓட்டை கிடையாது. பளபளா அதன் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டான்.

அந்த இலை அறுத்துக் காய்ந்து என் மேசைக்கு வந்தது. மெஷினில் போட்டேன். ஒன்று புள்ளி இரண்டு என்றது. நம்பாமல் மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் அதுவேதான். இருப்பதை எழுதுவதுதான் என் வேலை, எழுதி அனுப்பிவிட்டேன். எதை எழுதிக் கொடுக்கிறோம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மறுநாள் மாலை ஐந்து மணி. வேலை முடிந்து எல்லாரும் வாசலில் கூடியிருந்தோம். பளபளா வாட்ச்மேன் பக்கத்தில் நின்றுகொண்டு, "அவரோட சட்டைப்பையைப் பாருங்க" என்றான். வாட்ச்மேனுக்கு என் வீட்டுக்காரரைப் பதினைந்து வருடமாகத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டுதான் கையை விட்டார். ஐந்து இலை வந்தது.

"பார்த்தீங்களா எல்லாரும்? நல்ல இலையை வெளியில வித்துட்டு, இங்க கண்ட தழையைக் கலந்து வெச்சிருக்கான். இவன் பொண்டாட்டி கையாலயே ரிப்போர்ட் வந்திருக்கு. ஒண்ணு புள்ளி ரெண்டு! திருடன். இனிமே இந்த கேட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது."

ஐந்து இலை. அதை விற்றால் யார் வாங்குவான்? கேட்க வாய் எடுத்தேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அழுத்தினார். அறுபது பேரில் ஒருத்தர் வாய் திறக்கவில்லை. நான் எழுதிய எண், என் கையெழுத்து, அதைக் காட்டியே என் மனுஷனைத் திருடன் என்றுவிட்டான். அந்த இடத்திலேயே மனதில் எழுதிக்கொண்டேன்: இதே வாசலில், இதே நேரத்தில், இதே அறுபது பேர் முன்னால் இவன் வாயாலேயே அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கவைப்பேன். அதுவரைக்கும் இந்த வேலையை விட மாட்டேன்.

வேலையை விட்டு என்னை அனுப்பவும் அவனால் முடியாது. அந்த மெஷினை ஓட்ட வேறு ஆள் கிடையாது. "அந்தம்மா நேர்மை. புருஷன்தான் சரியில்லை" என்று ஊரெல்லாம் பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

வீட்டில் அவர் பேச்சைக் குறைத்தார். அப்புறம் சாப்பாட்டைக் குறைத்தார். கடைக்குப் போகச் சொன்னால் இருட்டட்டும் என்பார். செய்தி உறவுக்குள்ளும் போய்ச் சேர்ந்திருந்தது. என் நாத்தனார் ஒருத்தர்தான் போன் பண்ணி, "என் தம்பியைப் பத்தி எவன் என்ன சொன்னா எனக்கென்ன?" என்று அழுதார். மற்றவர்கள் போனே பண்ணவில்லை.

மொட்டை மாடியில் ஆறு பெயிண்ட் வாளிகளில் கசப்புச் செடி இருந்தது. நாற்றங்காலில் கழித்துப் போட்ட நாற்றுகள். கழிவு நாற்றை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்பது முதலாளி வைத்த வழக்கம். வாட்ச்மேன் கண்ணால் பார்த்து அனுப்பியதுதான். வேலை போன பிறகு அவர் மாடிப்பக்கம் ஏறவே இல்லை. எப்போதாவது பெய்யும் மழையைத் தவிர வேறு தண்ணீர் இல்லாமல், வெயிலில், புழு மேய்ந்து ஐந்து வாளிச் செடியும் பரிதாபமாக நின்றன. ஆறாவதை நான்தான் பாவம் பார்த்துத் துணி துவைக்கும் குழாயடியில் கொண்டுவந்து வைத்தேன். அலசுகிற தண்ணீரெல்லாம் அதற்குத்தான். அது கொழுகொழுவென்று வளர்ந்தது.

அவர் வெளியேற்றப்பட்ட ஒன்பதாவது வாரம். ஒரு காலை, துணி உலர்த்தப் போன இடத்தில் எதற்கோ அந்த நோஞ்சான் செடிகளில் ஒன்றிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டேன். ஐயோ! மண்டை வரைக்கும் ஏறியது. குழாயடிக்கு ஓடி வாய் கொப்பளித்துவிட்டு, அங்கேயிருந்த கொழுத்த செடியிலிருந்து ஒன்றைக் கிள்ளி மென்றேன். கீரை மாதிரி இறங்கிப் போனது.

இரண்டிலும் இலை பறித்துக் காயவைத்து, கம்பெனிக்குக் கொண்டுபோய் மெஷினில் போட்டேன். குழாயடிச் செடி புள்ளி ஒன்பது. வெயிலில் காய்ந்த செடி நான்கு புள்ளி ஒன்று. பத்து வருடத்தில் அப்படி ஓர் எண்ணை நான் எழுதியதில்லை. ஒரே நாற்றங்காலில் ஒரே நாளில் பிறந்த செடிகள்.

படிக்கிற காலத்தில் பரீட்சைக்காக உருப்போட்ட பாடம் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. செடிக்கு ஓடத் தெரியாது. கடிக்க வருகிறவனைத் தள்ளிவிடக் கையும் கிடையாது. அதனால் இலைக்குள்ளேயே ஒன்றைச் சமைத்து வைக்கிறது. புழு ஓர் இலையைக் கடித்தால் அந்தச் சேதி செடி முழுக்கப் போகும். ஒன்றிரண்டு நாளில் கடிபடாத இலைகூடக் கசக்க ஆரம்பித்துவிடும். தண்ணீர் வற்றினாலும் வெயில் சுட்டாலும் வளர்வதை நிறுத்திவிட்டு, இருக்கிற சத்தை எல்லாம் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதில் போடும். புழுவை விரட்ட அது செய்த விஷத்தைத்தான் நாம் அளவாக எடுத்து மருந்து என்கிறோம். நமக்காக அது எதையும் செய்யவில்லை. தண்ணீரும் உரமும் கொட்டி, புழுவையும் கொன்றுவிட்டால் அது எதற்காகக் கசக்க வேண்டும்? இலையை மட்டும் அகலமாக விரித்துக்கொண்டு சுகமாக நிற்கும். நாக்கை மட்டும் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் இத்தனையையும் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

அந்த இரண்டு எண்களையும் ரிப்போர்ட்டாக எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். நேரே முதலாளி அறைக்குப் போகத்தான் எழுந்தேன். கதவுக் கைப்பிடியில் கை வைத்தபோது நின்றுவிட்டேன்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இப்போது போய்ச் சொன்னால் என்ன ஆகும்? பளபளா, "ஓ, அப்படியா?" என்று இரண்டு குழாயை மூடுவான். அடுத்த அறுப்பில் எண் ஏறும். தானே கண்டுபிடித்த மாதிரி பேசுவான். ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டேன், வேலைக்கு வந்துவிடுங்கள் என்று என் வீட்டுக்காரர் தோளில் தட்டுவான். வாசலில் நடந்தது நடந்ததாகவே இருக்கும். அவ்வளவு மலிவாக இவனை விடுவதா? நான் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ரிப்போர்ட்டை மடித்து என் கைப்பையில் வைத்தேன்.

கிடங்கில் இன்னும் என் வீட்டுக்காரர் காலத்து இலை இருந்தது. மரப்பலகை மேல் அடுக்கிய சாக்கு மூட்டைகள், ஒவ்வொன்றிலும் பாத்தி எண்ணும் தேதியும் அவர் கையெழுத்தில் எழுதிய துணிச்சீட்டு. அவற்றில் கசப்பு மூன்றுக்கு மேல் நிற்கும். பளபளா கண்டுபிடித்த தந்திரம் இதுதான்: வாரம் ஒரு மூட்டை புது இலைக்கு ஒரு மூட்டை பழைய இலையைச் சேர்த்து அரைத்தால் இரண்டைத் தாண்டிவிடும். மாத்திரை தேறிவிடும், முதலாளி காதுக்கும் எதுவும் போகாது. திருடன் என்று துரத்திய மனுஷனின் இலைதான் இவன் மானத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. அன்று கிடங்குக்குப் போய் எண்ணினேன். முப்பத்தோரு மூட்டை. வாரம் ஒன்று. முப்பத்தோரு வாரம் கழித்து இவனுக்கு நிற்க இடம் இருக்காது. எண்ணி முடித்தபோது எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஒவ்வொரு வாரமும் ஒரு தாளில் எழுதுவேன்: புது இலை ஒன்று புள்ளி ஒன்று, பழைய மூட்டை மூன்று புள்ளி இரண்டு, ஒரு மூட்டை சேர்க்க அனுமதி. "சார், ஒரு கையெழுத்து" என்று நீட்டுவேன். அவன் போனில் பேசிக்கொண்டே படிக்காமல் போடுவான். வாங்கிக் கோப்பில் வைப்பேன். காலியான சாக்கின் துணிச்சீட்டைப் பிரித்து மேசை இழுப்பறையில் சேர்ப்பேன்.

ஒருநாள் அவனே என் கூடத்துக்கு வந்தான். "ஏம்மா, செடி இவ்வளவு அழகா இருக்கு. அப்புறம் ஏன் எண் ஏற மாட்டேங்குது?"

"தெரியலையே சார். இன்னும் கொஞ்சம் தண்ணி விட்டுப் பாருங்களேன்" என்றேன்.

விட்டான். ஒன்று புள்ளி ஒன்று என்பது ஒன்றாகியது. உரத்தையும் கூட்டினான். புள்ளி ஒன்பதாகியது. சொன்ன பேச்சு கேட்கிற நல்ல பிள்ளை!

மூட்டை இருபத்தைந்தானது, இருபதானது. பதினான்கில் நின்றபோது நாத்தனார் மகள் கல்யாணம் வந்தது. தாய்மாமன் என்று இவர் ஒருத்தர்தான். பத்து நாளாக அக்கா போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்று காலையில் இவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். பொத்தான் எல்லாம் மாட்டினார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் அப்படியே இருந்தார்.

"அங்க எல்லாரும் வருவாங்க" என்றார்.

"வரட்டுமே. உங்களுக்கென்ன?"

"பாப்பாவைப் பார்க்க வர்றவங்க என்னைப் பார்ப்பாங்க. அவ நாள் கெட்டுப்போகும்." பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "காய்ச்சல்னு சொல்லிடு."

நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு, கைப்பையைத் தோளில் போட்டபடி நின்றேன். ரிப்போர்ட் அந்தப் பையில்தான் இருந்தது. ஒரு ஜிப்பைத் திறந்தால் போதும். இன்னும் பதினான்கு வாரம்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மனதுக்குள் சொல்லிவிட்டுத் தனியாகப் போய்வந்தேன்.

கடைசி மூட்டை ஒரு திங்கட்கிழமை அரைப்புக்குப் போனது. அடுத்த திங்கட்கிழமை பளபளா என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நெற்றி வியர்வையில் பளபளத்தது.

"அம்மா, இந்தத் தடவை மட்டும் ரெண்டு புள்ளி ஒண்ணுன்னு போட்டுடுங்க. அடுத்த அறுப்புல சரிபண்ணிடலாம்."

"மெஷின் புள்ளி ஒன்பதுன்னு சொல்லுதே சார்."

"மெஷினா வந்து பேசப்போகுது?" குரலைத் தணித்துக்கொண்டான். "உங்க வீட்டுக்காரரைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கறேன். நாளைக்கே வரச் சொல்லுங்க."

"வேலைக்கு எடுத்துக்கறேன்னு சொல்றீங்க. திருடன் இல்லைன்னு சொல்லலையே?"

"அதெல்லாம் பழைய கதை. இப்ப எதுக்கும்மா?"

பழைய கதையாம்! அந்த மாத்திரையை விழுங்குகிறவர்கள் ஈரல் கெட்டு மஞ்சளாகிக் கிடப்பவர்கள். அவர்களுக்குத் தழையைத் தரச் சொல்கிறான், அதற்கு என் கையெழுத்தையே இன்னொரு தடவை கேட்கிறான். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று கோப்பை எடுத்துக்கொண்டு நேரே முதலாளி அறைக்குப் போனேன். இந்தத் தடவை கதவுக் கைப்பிடியில் கை நிற்கவில்லை.

முதலாளி தொடக்கத்தில் தானே அடுப்பு மூட்டிச் சாறு காய்ச்சியவர். அவர் மேசையில், அன்று காலையே தயாராக எடுத்து வைத்திருந்த இரண்டு உறைகளை வைத்தேன். முதல் உறையில் பன்னிரண்டாம் பாத்தியின் உள்ளங்கை அகல இலை.

"வாயில போட்டுப் பாருங்கய்யா."

மென்றார். "என்னம்மா இது, புல்லு மாதிரி இருக்கு?"

"உங்க மாப்பிள்ளை வளர்த்தது. இப்ப இதைப் பாருங்க."

இரண்டாவது உறையில் மாடிச் செடியின் இலை. சுருங்கி, ஓட்டை விழுந்து, பார்க்கவே பிடிக்காது. மென்றவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேசையைத் தட்டிக்கொண்டு தண்ணீர் கேட்டார். "இது... இதுதானே மருந்து! எங்கிருந்து வந்தது?"

"திருடன் வீட்டு மாடியிலிருந்து" என்றேன். "நீங்க கழிச்சுப் போட்ட நாத்து."

கோப்பைத் திறந்தேன். மேலே, கைப்பையிலிருந்து எடுத்துச் சேர்த்திருந்த மாடிச் செடி ரிப்போர்ட், அதன் கீழே மருமகன் கையெழுத்துப் போட்ட முப்பத்தோரு தாள். முதலாளி ஒவ்வொன்றாகப் புரட்டினார். பாதிக்கு மேல் படிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார்.

"அதே வாசல். அதே அஞ்சு மணி. எல்லாரும் இருக்கணும்."

போன் பண்ணி வீட்டுக்காரரை வரச் சொன்னேன். வர மாட்டேன் என்றார். முதலாளி கூப்பிடுகிறார் என்ற பிறகு வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே, கோட்டைத் தாண்டாமல் நின்றார். எத்தனை மாதமாகியும் அந்த உத்தரவை மீறக் கூடாதாம்! உள்ளே அறுபது பேரும் கூடியிருந்தார்கள். நடுவில் பளபளா. முகத்தில் ஈயாடவில்லை.

"முதல்ல இதை மென்னு" என்று முதலாளி சொன்னார். மாடிச் செடி இலையை நான்தான் அவன் கையில் கொடுத்தேன். ஒன்று போதும். நான் நான்கு கொடுத்தேன்.

மாமனார் எதிரில் துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. மென்றான். கன்னம் கோணி, கண் பிதுங்கி, மூக்கில் நீர் வழிந்தது. "தண்ணி" என்று கையைக் காட்டினான். பின்னால் யாரோ, "தண்ணிக்கா பஞ்சம் சார்? பாத்தி பாத்தியா குழாய் போட்டு வெச்சிருக்கீங்களே!" என்றார்கள். அறுபது பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்க நான் எத்தனை நாள் காத்திருந்தேன்! வாட்ச்மேன்கூடத் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார்.

"இப்ப சொல்லு" என்றார் முதலாளி.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அவர்... அவர் எதையும் திருடலை." கசப்பில் நாக்கு குழறியது.

"கேட்கலை சார்" என்றேன் நான். கேட்டது. இருந்தாலும் இரண்டாம் தடவை சொல்லவைத்தேன். அவன் பட்டது போதாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

முதலாளியே கேட்டைத் திறந்து என் வீட்டுக்காரரை உள்ளே கூட்டிக்கொண்டுவந்தார். "சாவி இனிமே உன்கிட்டதான்" என்று தண்ணீர்ச் சாவியைக் கொடுத்தார். கோப்பையும் அவர் கையில் வைத்தார். "பாருப்பா, இத்தனை நாளும் உன் இலைதான் எங்களைக் காப்பாத்தியிருக்கு." ஆட்கள் வந்து கையைப் பிடித்தார்கள். அவர் கோப்பின் முதல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போனார். இன்னும் வெளிச்சம் இருந்தது. நான் டீ போட்டு எடுத்துக்கொண்டு ஏறினேன். வாளிகளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முதல் தாள் கையில் இருந்தது.

"இந்தத் தேதி சரிதானா?"

"சரிதான்."

"அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப கிடங்குல எத்தனை மூட்டை இருந்துச்சு?"

"முப்பத்தொண்ணு."

விரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணினார். "பாப்பா கல்யாணத்தப்ப?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "பதினாலு" என்றேன்.

அப்புறம் நான் மளமளவென்று பேசினேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் அவன் தப்பித்திருப்பான், மன்னிப்பு என்ற பேச்சே வந்திருக்காது, இன்றைக்கு வாசலில் நடந்ததில் ஒன்றுகூட நடந்திருக்காது, எல்லாம் உங்களுக்காகத்தான். ஒவ்வொன்றும் உண்மை. அவர் கடைசிவரை கேட்டார்.

"அவன் ஒரு நாள்தான் என்னைத் திருடன்னான்" என்றார். "நீ ஏழு மாசம் அப்படியே வெச்சிருந்தே."

தாளை நான்காக மடித்து என் கையில் கொடுத்தார். குழாயடிக்குப் போய் வாளியில் தண்ணீர் பிடித்துவந்து, காய்ந்து நின்ற செடிகளுக்கு ஊற்ற ஆரம்பித்தார். முதல் செடிக்கு ஒரு வாளி முழுசாக ஊற்றினார். மண் குடிக்கிற சத்தம் கேட்டது. இரண்டாவதற்கும் முழு வாளி.

"இவ்வளவு ஊத்தினா கசப்பு போயிடுங்க" என்றேன்.

"போகட்டும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாளி பிடிக்கப் போனார்.